வீட்டுக்கல்விக்கு மூணு மணி நேரம் போதுமாம்ல! ஆமென் போட்டவங்க இங்கிட்டு வாங்க

நரிமேடு கணக்கு:
வாட்ஸ்அப்ல ஒரு செய்தி சுத்துது. ‘வீட்டுக்கல்வியில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூணு மணி நேரப் படிப்பு தாராளம், மிச்ச நேரத்தை வாலிபர் ஊழியத்துக்கும் சபைக்கும் கொடுக்கலாம்’னு. மதுரையில பாதி சேகரத்து (ஒரு ஆயருக்குக் கீழ உள்ள சபைகள்) குரூப்புக்குப் போயிருச்சு, கீழ வரிசையா ஆமென். ஒருத்தராவது கூட்டிப் பாத்தீங்களா? மூணு மணி, வாரம் ஆறு நாள், 18 மணி நேரம். 52 வாரத்துல விபிஎஸ்ஸும் (லீவுல பிள்ளைங்களுக்கு நடத்துற வேதாகமப் பள்ளி) அதுக்குத் தயாரிப்பும் மூணு வாரம், பரிசுத்த வாரம் ஒண்ணு, கிறிஸ்மஸுக்கு வீடு வீடாப் பாடப் போற கேரல் ரவுண்ட்ல இருந்து புத்தாண்டு வரைக்கும் மூணு, அசனம் (சபை விருந்து), முகாம்னு ஒண்ணு. மிச்சம் 44. பெருக்கினா 792. கல்வி உரிமைச் சட்டம் 2009 அட்டவணையில அஞ்சாப்பு வரைக்கும் வருஷத்துக்கு 800 மணி நேரம், ஆறுல இருந்து எட்டு வரைக்கும் 1000. மூணு மணி நேரம் எங்கிட்டுப் போதும்?

பசுமலைக்காரி:
அந்த அட்டவணை பள்ளிக்கூடத்துக்கு, வீட்டுக்கு இல்ல பிரதர். அங்க 40 நிமிஷ பீரியட்ல வருகைப்பதிவு, நோட்டுத் திருத்தம், பின்பெஞ்சை அடக்குறது எல்லாம் போக ஒரு பிள்ளைக்கு எவ்வளவு மிஞ்சும்? வீட்டுல ஒத்தைப் பிள்ளைக்கு ஒருத்தர். ஏழு வயசுப் பிள்ளை 20, 25 நிமிஷத்துக்கு மேல ஒரு பாடத்துல உக்காராது. கணக்கு ரெண்டு தடவை, தமிழ் வாசிப்பு, எழுத்து, இங்கிலீஷ், நடுவுல ஒரு கதை. ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சிரும். எட்டு மணி நேரக் குறைவுக்கா இந்த ஆட்டம்?

நரிமேடு கணக்கு:
ஏழு வயசுப் பிள்ளையை எதுக்கு இழுக்குறீங்க? வாலிபர் ஊழியம்னு போட்டா 13, 14க்கு மேல தான? வீட்டுல படிச்சு பரீட்சை எழுதுற என்ஐஓஎஸ்ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மட்டும் பாடத்திட்டத்துல 240 மணி நேரம். குறைஞ்சது அஞ்சு பாடம். மத்த நாலையும் அதே அளவுல வச்சா 1200. வருஷத்துக்கு அந்த 792ஐ வச்சு ஒன்றரை வருஷம் ஆகும். மூணு மணி நேரம் போதாது.

பசுமலைக்காரி:
ஒன்பதும் பத்தும் சேர்த்து ரெண்டு வருஷமா தான எல்லாரும் படிக்கிறாங்க? உங்க கணக்குப்படியே 1584 வருது. 384 மணி நேரம் மிச்சம், அதை எந்த வங்கியில போடுறது? என்ஐஓஎஸ் பதிவு 5 வருஷம் செல்லும், 9 தடவை எழுதலாம்.

நரிமேடு கணக்கு:
ஒன்பது தடவை எழுதலாம்னா ஒன்பது தடவை கோட்டையும் விடலாம். அந்த 1584 காகிதத்துல தான் இருக்கும். கேரல் ரவுண்ட் போயிட்டு ராத்திரி ஒரு மணிக்கு வீடு திரும்புற பிள்ளை மறுநாள் மூணு மணி நேரம் உக்காருமா, மூணு மணி வரைக்கும் தூங்குமா?

டெனர் தம்பி:
ஸ்தோத்திரம் அண்ணே. கொயர் பாட்டுப் பயிற்சியும் படிப்பு தான? அதையும் சேத்துக்கலாமே.

நரிமேடு கணக்கு:
சேத்துக்கோ தம்பி. அசனத்துக்கு வெங்காயம் உரிச்சதை மனையியல்ல எழுதிக்கோ.

செல்லூர் வாத்தியார்:
கிண்டலுக்குச் சொன்னாலும் மனையியல் என்ஐஓஎஸ்ல உள்ள பாடம் தான். ஓவியம், தரவு உள்ளீடு கூட உண்டு. மொழிப் பாடமா தமிழும் எடுக்கலாம். ஆனா ஊழியத்துக்கு நேரம் வேணும்னு கணக்கையும் அறிவியலையும் கழட்டி விடுறவங்க யோசிக்கணும். பதினாலு வயசுல எடுக்கிற முடிவு, பதினாறுல பாலிடெக்னிக் ஆசை வந்தா கதவு சாத்தியிருக்கும். அறிவியல் எடுத்தா செய்முறை தனி. எழுத்துத் தேர்வுலயும் செய்முறையிலயும் தனித்தனியா 33 சதவீதம் வேணும். படிப்பு மையத்துல கொடுக்கிற செய்முறைத் தேதி சபை நாட்காட்டியைப் பாத்து வராது. தயாரிப்பை வீட்டுலயே செய்யலாம். அடர்த்திக்கு ஒரு ஸ்பிரிங் தராசும் 100 மில்லி அளவுச் சாடியும், ஒளிக்கு ஒரு கண்ணாடிப் பட்டகமும் குண்டூசியும், அமில காரத்துக்குப் பிஎச் தாள். பதிவேட்டை அன்னன்னைக்கு எழுதிரணும். கடைசி வாரத்துல உக்காந்து எழுதினா அளவீடு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பாக்குறவருக்குத் தெரிஞ்சிரும். டிஎம்ஏன்னு வீட்டுல எழுதிக் குடுக்கிற ஒப்படைப்பும் இருக்கு, அதுக்கு 20 சதவீத மார்க். தேதி தப்பினா அந்த 20 போச்சு.

பசுமலைக்காரி:
இதெல்லாம் மூணு மணி நேரத்துக்குள்ள அடங்குற வேலை தான ஐயா?

செல்லூர் வாத்தியார்:
நான் அதைச் சொல்லவே இல்லையேம்மா.

நரிமேடு கணக்கு:
சொல்லலைன்னாலும் அர்த்தம் அதான். அடங்காது.

ஆனையூர் அக்கா:
மணி நேரத்தை விடுங்க. பிரச்சினை வேற. வீட்டுல படிக்கிற பிள்ளைன்னா சபையில எல்லாருக்கும் ‘சும்மா தான இருக்கான்’னு ஒரு நினைப்பு. செவ்வாய்க்கிழமை காலையில மைக் செட் இறக்க, பாட்டு வரியை பிபிடியில அடிக்க, விபிஎஸ் சார்ட் ஒட்ட, பிஸ்கட் வாங்க, எல்லாத்துக்கும் அவனைத் தான் கூப்பிடுவாங்க. ஜூன்லயே ஒரு தாள்ல எழுதி ஆயர்கிட்டயும் வாலிபர் சங்கச் செயலர்கிட்டயும் குடுத்துருங்க. சனிக்கிழமை சாயங்காலம், ஞாயித்துக்கிழமை, அவ்வளவு தான். வார நாள்ல மதியம் ரெண்டு மணிக்கு முன்னாடி போன் வந்தா பிள்ளை எடுக்கக் கூடாது, தாயோ தகப்பனோ எடுக்கணும். விபிஎஸ்ல வகுப்பு ஆசிரியர் இல்லாட்டி பாட்டுக்குழு, ரெண்டும் வேண்டாம். ஏப்ரல் மே பரீட்சை எழுதுற வருஷம் விபிஎஸ்ஸே வேண்டாம், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழும்.

வாலிபர் செயலர்:
அக்கா, யாரையும் மிரட்டி வேலை வாங்கல. மனப்பூர்வமா வர்றாங்க. வகுப்பு எடுக்க பதினஞ்சு பேர் வேணும்னா ஆறு பேர் வர்ற இடத்துல இருக்கிறவங்களைத் தான கூப்பிட முடியும்? டியூஷன் போற பிள்ளைங்க பெத்தவங்களைக் கேளுங்களேன் முதல்ல.

நரிமேடு கணக்கு:
அப்ப டியூஷன் போற பிள்ளைக்குப் பதிலா வீட்டுக்கல்விப் பிள்ளையை வச்சு ஈடு கட்டுறீங்க. அதுக்குத் தான் மூணு மணி நேரம் போதும்னு செய்தியா? யார் எழுதினதுன்னு இப்ப லேசா வெளங்குது.

வாலிபர் செயலர்:
நான் எழுதல. சபைக்கு வாசிக்கிற கீபோர்டு வாங்கின விவாதத்துலயும் இப்படித்தான் எம்மேல பழி போட்டீங்க. பில்லை நோட்டீஸ் போர்டுல ஒட்டின பிறகும் ஒரு வார்த்தை சொல்லல நீங்க.

நரிமேடு கணக்கு:
பில்லுல வாங்கின தேதி இருந்துச்சா?

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்:
கீபோர்டை வேற திரியில பேசுங்க. வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பாடப்பெட்டி வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அதுல தமிழ் கிடையாது. கணக்குல அங்குலமும் பவுண்டும் டாலரும், வரலாறு முழுக்க அமெரிக்கா. அந்தப் பெட்டியை மட்டும் நம்புற பிள்ளை ஆராதனையில வேதபாடம் வாசிக்க எந்திரிச்சா ‘உபாகமம்’ங்கிற புத்தகப் பேர்லயே திக்குது. பாமாலைப் புத்தகத்தை (சபைப் பாட்டுப் புத்தகம்) குடுத்தா இங்கிலீஷ் எழுத்துல எழுதித் தரச் சொல்லுது. தினம் அரை மணி நேரம் சத்தமா தமிழ் வாசிப்பு, பத்து வரி சொல்வது எழுதுதல். இதுக்கு எந்தப் பெட்டியும் வேண்டாம், அரசுப் பாடநூலே போதும்.

பசுமலைக்காரி:
உபாகமம் 6:7ஐயும் வாசிங்க டீச்சர். வீட்டில உக்காந்திருக்கும்போதும் வழியில நடக்கும்போதும் போதிக்கச் சொல்லுது. மணி நேரம் சொல்லல.

நரிமேடு கணக்கு:
வழியில நடக்கும்போது இருபடிச் சமன்பாடு வராது சிஸ்டர். அதுக்கு உக்காரணும். மூணு மணி நேரத்துக்கு மேல உக்காரணும்.

தல்லாகுளத்தான்:
நான் சர்ச்சுக்காரன் இல்ல, அக்கம்பக்கத்து ஆளாக் கேக்குறேன். படிப்பு வீட்டுல, சிநேகிதம் சபையில. தெருவுல யாரோட பழகுறது? ஸ்கூல் பிள்ளைங்க அஞ்சு மணிக்குத் தான் வெளிய வரும், ஆறரைக்கு டியூஷன். அந்த ஒன்றரை மணி நேரத்துல உங்க பிள்ளை கொயர்ல நிக்குது. வார நாள் காலையில கூட்டமில்லாம புது நத்தம் ரோட்டு நூலகத்துக்கும் கீழடி அருங்காட்சியகத்துக்கும் போகலாம், நல்லது தான். ஆனா அங்கயும் அம்மாவோட தான நிக்கும்? அப்புறம் இன்னொண்ணு. பரீட்சை சித்திரைத் திருவிழாவோட மோதும். தேசிய அட்டவணை நம்ம உள்ளூர் விடுமுறையைப் பாக்காது. எதிர்சேவை (அழகரை எதிர்கொண்டு வரவேற்கிறது) அன்னைக்கும் அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கும் கோரிப்பாளையம், வைகை மேல உள்ள ஏவி பாலம் பக்கம் வண்டி நகராது. பரீட்சை மையம் தென்கரையில விழுந்தா மதியம் ரெண்டரை மணிப் பரீட்சைக்குக் காலையிலயே ஆத்தைத் தாண்டி ஒரு வீட்டுல உக்காந்துரணும்.

டெனர் தம்பி:
அண்ணே, அன்னைக்கு எங்க சபையில உபவாச ஜெபம் இருக்கும்.

தல்லாகுளத்தான்:
நல்லா லந்து பண்றப்பா. நான் பரீட்சையைப் பத்திப் பேசுறேன்.

பசுமலைக்காரி:
பிள்ளைங்க தெருவுல பழகலைன்னு யார் சொன்னது? சபைன்னா ஆறு வயசுல இருந்து எண்பது வயசு வரைக்கும் ஆள் இருக்கு. பள்ளிக்கூடத்துல ஒரே வயசு நாப்பது பேர். எது சமுதாயம்?

ஆனையூர் அக்கா:
அந்த எண்பது வயசுக்காரங்க எல்லாரும் ஒரே பாமாலை தான் பாடுறாங்க. அடுத்த வீட்டுப் பொங்கலுக்கும் பிள்ளையை அனுப்புங்க.

பசுமலைக்காரி:
அது வேற விஷயம். சாமிக்குப் படைச்சதைச் சாப்பிடலாமா கூடாதான்னு இங்க ஆரம்பிச்சா விடியாது.

வாலிபர் செயலர்:
1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம்...

செல்லூர் வாத்தியார்:
ஆரம்பிச்சாச்சு. ஜூலை 31க்குள்ள பதிஞ்சா தான் வழக்கமா தாமதக் கட்டணம் இல்லாம அடுத்த ஏப்ரல் பரீட்சைக்குப் போகலாம். 14 வயசு முடிஞ்சிருக்கணும், பிறப்புச் சான்றுல உள்ள பேரும் ஆதார்ல உள்ள பேரும் ஒண்ணா இருக்கணும். ஞானஸ்நானப் பேரை ஒண்ணுலயும் வீட்டுப் பேரை இன்னொண்ணுலயும் போட்டு வச்சிருக்கிறவங்க அதை முதல்ல சரி பண்ணுங்க. விண்ணப்பம் அங்க தான் நிக்குது.

நரிமேடு கணக்கு:
நல்ல தகவல் ஐயா. ஆனா பசுமலை சிஸ்டர் இன்னும் பதில் சொல்லல. 14 வயசுப் பிள்ளைக்கு அஞ்சு பாடம், செய்முறை, டிஎம்ஏ, தமிழ் வாசிப்பு. மூணு மணி நேரத்துல ஒரு அட்டவணை போட்டுக் காட்டட்டும்.

பசுமலைக்காரி:
நீங்க முதல்ல பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை உண்மையில படிக்கிற நேரத்தை அட்டவணை போடுங்க. ரெண்டு மணி நேரம் வந்தாலே அதிசயம்.

நரிமேடு கணக்கு:
பாத்தீங்களா, இப்ப மூணு ரெண்டாயிருச்சு.

வாலிபர் செயலர்:
கீபோர்டு பில்லுல தேதி இருந்துச்சு. நாளைக்குப் படம் எடுத்துப் போடுறேன்.