கடைசி ஸ்டேஷன்

குரூப்: ஆச்சி வீடு

சிட்னி அண்ணன்: (படம்) இன்று குரோனுல்லா வந்தேன். இந்த லைனில் இதுதான் கடைசி ஸ்டேஷன். 1939-இல் திறந்த செங்கல் கட்டடம். கொஞ்ச தூரம் நடந்தால் கடல். எனக்குத் திருச்செந்தூர் ஞாபகம் வந்துவிட்டது.

குரும்பூர் அத்தை: அழகா இருக்குய்யா. அங்கே கோயில் உண்டா?

சிட்னி அண்ணன்: இல்லை அத்தை, எல்லாரும் கடலில் குளிக்கத்தான் வருகிறார்கள்.

பாளை பெரியப்பா: நம்ம செந்தூர் லைன் அதற்கு 16 வருஷம் மூத்தது. 1923-இல் வந்தது. 2008-இல்தான் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை ஆனது.

நான்: அண்ணே, கடைசி ஸ்டேஷனில் ரயில் எப்படித் திரும்பும்?

சிட்னி அண்ணன்: இங்கே மின்சார ரயில். இரண்டு முனையிலும் டிரைவர் அறை உண்டு. அவர் இறங்கி நடந்து அந்த முனையில் ஏறிக்கொள்வார், அவ்வளவுதான்.

பாளை பெரியப்பா: செந்தூரில் எஞ்சினைக் கழற்றிப் பக்கத்துத் தண்டவாளத்தில் கொண்டுபோய் மறுமுனையில் மாட்டுவார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து முடிக்காமல் நான் கோயிலுக்கு நகரமாட்டேன். எஞ்சின் வந்து முட்டும்போது கடகடவென்று ஒரு உதறல் கடைசிப் பெட்டி வரை ஓடும். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நிற்பார்.

பாளை பெரியப்பா: அந்தக் கட்டடத்தை யாரும் இடித்துவிட முடியாதே?

சிட்னி அண்ணன்: நினைத்தபடி முடியாது பெரியப்பா. மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பெரிதாக எதை மாற்றவும் அனுமதி வேண்டும்.

பாளை பெரியப்பா: நம்ம பழைய ஸ்டேஷன் போட்டோ ஒன்றாவது யாரிடமாவது இருக்கிறதா? எனக்கு அந்த ஏக்கம் உண்டு.

குரும்பூர் அத்தை: போட்டோ இல்லை அண்ணே. ஆச்சியின் திருநீற்றுப் பெட்டியில் ஒரு அட்டை டிக்கெட் இருக்கிறது. குரும்பூர் டு திருச்செந்தூர். ஒரு சஷ்டிக் கூட்டத்தில் கேட்டில் வாங்காமல் விட்டுவிட்டார்கள், முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள்.

நான்: அத்தை! இத்தனை நாள் சொல்லவே இல்லையே!

குரும்பூர் அத்தை: இப்போதுதான் எடுத்தேன். கட்டை விரல் அகலம்தான். ஓரத்தில் கத்தரித்த வெட்டு அப்படியே இருக்கிறது. திருநீறு ஏறி எழுத்து பாதி மறைந்துவிட்டது.

பாளை பெரியப்பா: துடைக்காதே தாயி. எழுத்தும் சேர்ந்து போய்விடும். காலையில் வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு.

குரும்பூர் அத்தை: சரி அண்ணே. விடிந்ததும் திண்ணையில் வைத்து எடுக்கிறேன்.