யோக்யகர்த்தாவில் நீங்கள் சந்தித்தவர்கள் யார்?

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இருக்கும் யோக்யகர்த்தா நகரத்துக்குப் போய் வந்த நம் ஆட்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே உள்ள போரோபுதூர் பௌத்தக் கோயில் படத்தைத்தான் போடுகிறார்கள். ஊருக்குள் இருப்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதனால் அரண்மனைப் பக்கம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். மற்றவர்களும் தொடருங்கள்.

காலையில் மாலியோபோரோ சாலையில் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பழைய டச்சுக் கோட்டை வந்ததும் நன்றாக உடுத்திய ஒருவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். எந்த ஊர், இந்தியாவா, ஷாருக் கான் என்று பேச்சு நன்றாகத்தான் போனது. அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். கிராத்தோன், அதாவது சுல்தானின் அரண்மனை, இன்று மூடியிருக்கிறதாம், உள்ளே ஏதோ சடங்காம். பக்கத்துச் சந்தில் மாணவர்களின் பாத்திக் (துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுவது) ஓவியக் கண்காட்சி நடக்கிறது, இன்றுதான் கடைசி நாள் என்றார். அந்தக் கடைசி நாள் வருடம் முழுக்க வரும் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். நன்றி சொல்லிவிட்டு நேரே நடந்தால், அரண்மனை வாசல் திறந்துதான் இருந்தது, சீட்டுக்கு வரிசையும் நின்றது.

பாத்திக் வாங்க வேண்டுமென்றால் கோட்டைக்கு அடுத்தாற்போல் இருக்கும் பெரிங்கார்ஜோ சந்தைக்குப் போங்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியதில் பின்பக்கமும் நிறம் நன்றாகப் பிடித்திருக்கும். வெறும் அச்சுத்துணியில் பெரும்பாலும் வெளிறிப்போயிருக்கும்.

கிராத்தோன் இன்றும் சுல்தான் குடியிருக்கும் அரண்மனை. 1755-இல் கியாந்தி ஒப்பந்தப்படி மாதாரம் என்ற ஜாவா அரசு இரண்டாகப் பிரிந்தபோது ஒரு பாதி இங்கே வந்தது, இன்னொரு பாதி சுராகர்த்தாவில் இருந்தது. இப்போதைய சுல்தான் பத்தாம் ஹமெங்குபுவோனோதான் இந்த மாகாணத்தின் ஆளுநரும். உள்ளே பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மணல் முற்றங்கள், திறந்த மண்டபங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் கோப்பைகள், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது அப்டி தாலெம் என்கிற அரண்மனை ஊழியர்களை. கோடு போட்ட கருநீலச் சட்டை, தலைப்பாகை, வெறுங்கால், முதுகுப்புறம் இடுப்பில் செருகிய கிரிஸ் கத்தி. மண்டபத் தரையில் சம்மணமிட்டிருந்த பெரியவர் ஒருவரிடம் வழிகாட்டியின் உதவியோடு பேசினேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன் (நம் ஊர்ப் பழக்கம், விடாது). சிரித்துவிட்டு, அது பெட்ரோலுக்கே போதாது என்றார். பிறகு ஏன் வருகிறீர்கள் என்றதற்கு, இங்கே வந்து உட்கார்ந்தால் மனசு நிம்மதியாக இருக்கிறது, வீட்டுக்கும் நல்லது என்றார். பின்னால் கமெலான் என்கிற வெண்கல வாத்தியக் குழு இசை ஓடிக்கொண்டிருந்தது. அது காலையில்தான். மதியம் இரண்டு மணிவாக்கில் அரண்மனையை மூடிவிடுவார்கள், அதற்கேற்பப் போங்கள்.

* * *

முதல் பதிவர் ஊருக்குள் என்கிறார். நான் கொஞ்சம் வெளியே போகிறேன், பிரம்பானான் என்ற பழைய இந்துக் கோயில்களுக்கு.

அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டும் கையுமாக வெளிநாட்டு முகங்களைத் தேடி அலைவார்கள். ஆங்கிலம் பேசிப் பழக ஆசிரியர் அனுப்பிவைப்பது. முக்காடு போட்ட நான்கைந்து பெண்பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கேள்வியெல்லாம் முடிந்ததும் நான் திருப்பிக் கேட்டேன், சிவன் கோயிலின் வடக்கு அறையில் நிற்கும் சிலை யார் என்று. ரோரோ ஜொங்ராங் என்ற இளவரசி என்றார்கள். பாண்டுங் பொண்டொவோசோ என்ற இளவரசன் அவளை மணக்கக் கேட்டானாம். ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டு என்றாளாம். 999 எழும்பிவிட்டதும் பெண்களை எழுப்பி நெல் குத்தச் சொல்லி, கிழக்கே தீ மூட்டி, விடிந்ததாகச் சேவலைக் கூவவைத்துவிட்டாள். கோபத்தில் அவன் சபிக்க, ஆயிரமாவதாக அவளே சிலையாகிவிட்டாள். ஆளுக்கு ஒரு வரியாக, ஒருத்தியை ஒருத்தி திருத்திக்கொண்டே சொன்னார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் காலடியில் எருமையோடு நிற்கிறாள் மகிஷாசுரமர்த்தினி. தெற்கு அறையில் அகத்தியர், மேற்கில் பிள்ளையார், நடுவில் சிவன். கோயில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 47 மீட்டர் உயரம். 2006 நிலநடுக்கத்தில் சேதமாகிப் பிறகு சரிசெய்தது. எங்களுக்குத் தலைக்கவசம் கொடுத்துத்தான் உள்ளே விட்டார்கள்.

சிவன் கோயில் கைப்பிடிச்சுவரின் உட்பக்கத்தில் ராமாயணம் வலமாக ஓடுகிறது. சேதுப் பாலத்தோடு அங்கே நின்றுவிடும். கல்லை வாயில் கவ்விய மீன்களைத் தேடிப் பாருங்கள். யுத்தம் பக்கத்துப் பிரம்மா கோயிலில் இருக்கிறது. என்னோடு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் பாலத்தோடு வண்டி ஏறிவிட்டார்கள், ராவணன் இன்னும் உயிரோடு இருக்கிறான்!

* * *

சோனோபுதோயோ அருங்காட்சியகத்தில் இரவு எட்டு மணிக்கு வாயாங் குலிட், அதாவது தோல்பாவை நிழலாட்டம். எல்லோரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கமெலான் கலைஞர் என்னைப் பார்த்துத் தலையாட்டி, பின்பக்கம் வா என்று கை காட்டினார். தாலாங் எனப்படும் பாவைக்கலைஞர் ஒருவரே எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாக் குரலிலும் பேசி, கால் விரலிடுக்கில் பிடித்த கட்டையால் தாளமும் தட்டுகிறார். என்னை அழைத்தவர் தன் முறை வரும்வரை தேநீர் குடித்துக்கொண்டு, வந்ததும் சரியாக ஒரு தட்டுத் தட்டுவார்.

கதை ராமாயணம், மொழி ஜாவானியம், ஒரு சொல் புரியவில்லை. ஆனால் தொப்பையோடு செமார் என்ற கோமாளி வந்து, மகன்களுடன் மல்லுக்கு நின்றபோது நான் உட்படச் சிரிக்காதவர் இல்லை. நம் தோல்பாவைக்கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் செய்யும் அதே சேட்டை. ஒரு வித்தியாசம், செமார் கோமாளி மட்டுமல்ல, வேலைக்காரனாக மண்ணுக்கு வந்த தெய்வம். மகாபாரதக் கதை ஆடும்போது அர்ஜுனனுக்கே புத்தி சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

* * *

அரண்மனைக்குத் தெற்கே இருக்கும் அலுன் அலுன் மைதானத்தை விட்டுவிட்டீர்களே! இரண்டு ஆலமரங்களுக்கு நடுவே கண்ணைக் கட்டிக்கொண்டு நேராகக் கடந்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்பார்கள். கண்கட்டுத் துணியை வாடகைக்குத் தர ஆட்கள் இருக்கிறார்கள். என் மாமனார், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று உபதேசம் செய்துவிட்டு, பிறகு நாங்கள் பார்க்காதபோது தனியாகப் போய்த் துணி கட்டிக்கொண்டார். நேராகப் போவதாக நினைத்து மெல்ல இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து, சோளம் சுடுகிற அம்மாவின் அடுப்பு வரை போய்விட்டார். அந்த அம்மா பதறாமல் அவரை நிறுத்தி, கட்டை அவிழ்த்து, கையில் ஒரு சோளத்தையும் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டார். என்ன வேண்டிக்கொண்டார் என்று மட்டும் இன்னும் சொல்லமாட்டேன் என்கிறார்.