‘டெட்வெயிட் லாஸ்’ – தமிழ்ச் சொல் வேண்டும்

கிருஷ்ணகிரி:
நண்பர்களுக்கு வணக்கம். பொருளியலில் வரும் ‘டெட்வெயிட் லாஸ்’ (deadweight loss) என்பதற்கு ‘நிலைச்சுமை இழப்பு’ என்று போட்டுவிட்டுப் போக முடியாது. நிலைச்சுமை கட்டடக்காரர்களின் சொல்; கூரைத் தளத்தின் சொந்த எடை அது.

ஒரு மாங்கூழ் ஆலைக் கணக்கை வைத்துக்கொள்வோம் (எண்கள் கற்பனை). பெங்களூரா மாங்காய் கிலோ 20 ரூபாய்க்கு 1000 டன் விற்கிறது. விலை 1 ரூபாய் ஏறினால் ஆலைக்காரர் 50 டன் குறைப்பார். 1 ரூபாய் இறங்கினால் விவசாயி 50 டன் குறைப்பார். கிலோவுக்கு 4 ரூபாய் வரி விழுந்தால் ஆலை கொடுப்பது 22, விவசாயி கைக்கு 18, விற்பனை 900 டன். அரசுக்கு 36 லட்சம். ஆலைக்கு 19 லட்சம், விவசாயிக்கு 19 லட்சம் நட்டம் (ஒவ்வொருவருக்கும் 900 டன்னில் கிலோவுக்கு 2 ரூபாய் வீதம் 18, விற்காத 100 டன்னில் சராசரி 1 ரூபாய் வீதம் 1); ஆக 38. மீதி 2 லட்சம் யார் பையிலும் இல்லை, விற்காமல் நின்ற 100 டன்னோடு போயிற்று. வரியை 8 ஆக்கினால் வருவாய் 64 லட்சம்தான். இந்த இழப்போ 8 லட்சம். வரி இரட்டித்தால் இழப்பு நாலு மடங்கு.

‘நடவா வணிக இழப்பு’ எப்படி?

தேன்கனிக்கோட்டை:
சொல் நீளம், ஐயா. பிசிராந்தையார் பாண்டியனுக்கு இதையேதான் சொன்னார்: ‘வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்’ (புறநானூறு 184). வயலில் புகுந்த யானை தின்பதைவிட மிதித்து அழிப்பது அதிகம். யானை தின்றது வரி, மிதித்தது இந்த இழப்பு. கேழ்வரகுக் கொல்லையில் யானை இறங்கும் எங்கள் பக்கத்தில் விளக்கவே வேண்டாம். ‘மிதியிழப்பு’ என்று வைப்போம்.

ஓசூர்:
அழகுதான், 2019 பட்ஜெட் உரையிலும் அந்தப் பாட்டு வந்தது. ஆனால் மிதித்தது கண்ணுக்குத் தெரியும், விற்காத 100 டன் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. மிதி என்றதும் கெடுபிடிதான் ஞாபகம் வரும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன் கர்நாடக எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்டில் லாரி நின்ற நேரம், டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் நட்டம்தான். ஆனால் அது வரியை வசூலிக்கவும் கட்டவும் ஆகிற செலவு, அந்தக் கணக்கு வேறு. லாரி ஒரு நிமிடம் நிற்காமல், லஞ்சம் ஒரு பைசா இல்லாமல் வரி வந்து சேர்ந்தாலும் மேலே சொன்ன 2 லட்சம் போகத்தான் செய்யும். இரண்டையும் குழப்பும் சொல் வேண்டாம்.

தர்மபுரி:
‘நடவா’வும் இடிக்கிறது. மானியத்தில் நடக்க வேண்டாதது நடக்கிறது. விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். 1000 அடி போரில் தண்ணீர் இழுக்க ஆகும் மின்சாரச் செலவு விளைச்சலின் மதிப்பைத் தாண்டினாலும் மோட்டார் போடுகிறவருக்கு அது உறைக்காது. இழப்பு உண்டு, நின்றுபோன விற்பனை இல்லை.

சொல்லுக்குள் ‘வரி’யும் வேண்டாம். 1954-ல் பொருளியலாளர் ஹார்பர்கர் அளந்தது ஏகபோகத்தால் வரும் இழப்பை. 2025 ஜூனில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் கர்நாடகப் பெங்களூராவுக்குத் தடை போட்டதே, அதில் அரசுக்குக் காலணா வரியில்லை, ஆனாலும் இந்த இழப்பு உண்டு.

யாருக்கும் ஆகாமல் போனால் ‘பாழாப் போச்சு’ என்கிறோம். ‘பாழிழப்பு’ போதும். விலை, அளவு வரைபடத்தில் இந்த இழப்பு முக்கோணமாக விழும்; அது ‘பாழ் முக்கோணம்’.

கிருஷ்ணகிரி:
சரி, ஏற்கிறேன். பதிவு இப்படி இருக்கட்டும்: பாழிழப்பு – வரி, மானியம், விலைக் கட்டுப்பாடு, ஏகபோகம், தடை போன்றவற்றால் விற்பனை அளவு மாறி, வாங்குபவர், விற்பவர், அரசு மூவரில் எவருக்கும் சேராமல் போகும் நன்மை.

மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று: அரசுக்குப் போன 36 லட்சத்தையும் இதில் சேர்த்துவிடுவார்கள். அது கைமாறிய பணம், பாழானது அல்ல.

எடுத்துக்காட்டில் காலத்தையும் குறிக்க வேண்டும். காய் முற்றிய பிறகு மரத்தில் விட்டுவைக்க முடியாது. அந்தப் பருவத்தில் வரி போட்டால் வரத்து அவ்வளவாகக் குறையாது. சுமை பெரும்பாலும் விவசாயி தலையில், பாழிழப்பு சொற்பம். அதே வரி பத்து வருடம் நீடித்தால் தோப்பை வெட்டிவிட்டு வேறு வைப்பார், அப்போதுதான் முக்கோணம் விரியும். என் 50 டன் கணக்கு அந்த நீண்ட காலத்துக்கானது.

ஓசூர்:
‘பாழ்’ தரிசு நிலம் என்று படிக்கப்படலாம். முதல் தடவை வரும் இடத்தில் ‘சந்தைப் பாழிழப்பு’ என்று போடுங்கள். வரியால் மட்டும் வருவதை ‘எக்ஸஸ் பர்டன்’ என்கிறார்களே, அதற்கு ‘மிகைச்சுமை’ தனிப் பதிவாக இருக்கட்டும்.