தொழுவத்து வாசலில் கிடந்த திரிகைக்கல்

முதல் பகிர்வு:

ஓடை நீரால் சக்கரம் சுழன்று தானியம் அரைத்த பழைய நீராலையைப் பார்க்கப் போகிறவர்கள் சக்கரத்தைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவது வழக்கம். நானும் முதல்முறை அப்படித்தான் திரும்பினேன். மறுமுறை சென்றபோதுதான், பண்ணைத் தொழுவத்தின் வாசற்படியாகக் கிடந்த வட்டக்கல் கண்ணில் பட்டது. நடுவில் துளையும், அங்கிருந்து விளிம்பு வரை ஓடிய சால்களும், பாதி தேய்ந்திருந்த போதிலும், அது ஆலையில் சுழன்று ஓய்ந்த திரிகைக்கல் என்பதைக் காட்டிக்கொடுத்தன. அம்மியைப் போலவே இந்தக் கற்களையும் அவ்வப்போது தூக்கிக் கவிழ்த்துக் கொத்த வேண்டும். கொத்தக் கொத்தக் கல் மெலியும். மெலிந்து உதவாமல் போனதைப் படியாகப் போட்டிருக்கிறார்கள்.

ஆலையின் வாசல் நிலையில் பொறித்திருந்த ஆண்டை நம்பி அதன் வயதைக் கணக்கிட்டு வைத்திருந்த எனக்கு, அந்தத் தேய்ந்த கல் தலையில் விழுந்த குட்டு. அத்தகைய ஆண்டு பல இடங்களில் கட்டடம் புதுப்பிக்கப்பட்ட ஆண்டாகவே இருக்கும். ஆலை நின்ற இடம் அதைவிட மிக மூத்ததாக இருக்கக்கூடும். இங்கிலாந்தில் நிலத்தையும் சொத்தையும் கணக்கெடுத்த 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே 5,000க்கும் மேற்பட்ட ஆலைகள் குறிக்கப்பட்டுள்ளன. காற்றாலைகள் அங்கே தலைகாட்டியது அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்துத்தான்; ஆகவே அவை பெரும்பாலும் நீராலைகளே.

ஆலையோடு சேர்த்துப் பண்ணை எதற்கு என்ற கேள்வி எனக்கும் இருந்தது. ஓடை வற்றினால் சக்கரம் நிற்கும். வெள்ளம் வந்து, சக்கரத்துக்குக் கீழே வெளியேறும் நீரின் மட்டம் உயர்ந்தாலும் நிற்கும். அந்த நாட்களில் ஆலைக்காரர் குடும்பத்துக்குச் சோறு போட்டது நிலம்தான். அரைப்புக் கூலியாக அளந்தெடுத்த தானியமும், சலித்து ஒதுக்கிய தவிடும் அந்தத் தொழுவத்துக்கே போயின.

மறுமொழி:

தாங்கள் தொழுவத்தில் கண்டதை நான் வயலில் கண்டேன். ஒரு பண்ணையின் மேட்டுவயல் வரப்பு மட்டும் காரணமின்றி வளைந்து சென்றது. பின்தொடர்ந்து நடந்தபோது, அது மதகிலிருந்து சக்கரத்தின் தலைக்கு நீரைக் கொண்டுவந்த பழைய வாய்க்காலின் கரை என்று புரிந்தது. அதே நீரையும் அதே வீழ்ச்சியையும் கொண்டு, அடியில் ஓடும் நீரால் தள்ளப்படும் சக்கரத்தைவிட மேலிருந்து நீர் விழும் சக்கரம் ஏறத்தாழ இரு மடங்கு வேலை செய்யும் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759இல் மாதிரிகளை வைத்து நிறுவினார். அந்த ஆதாயத்துக்காகத்தான் நல்ல விளைநிலத்தின் குறுக்கே வாய்க்கால் வெட்டத் துணிந்திருக்கிறார்கள் போலும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லுக்குப் பதில் எஃகு உருளைகளால் அரைக்கும் ஆலைகள் பரவியதும் இத்தகைய ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நான் பார்த்த வாய்க்காலில் நீர் இன்னும் கசிகிறது; பண்ணை மாடுகள் அதில் இறங்கிக் குடிக்கின்றன.