ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடும் குழு) மீட்டிங் போனவர்கள் சொல்லுங்கள்: முதல் நாள் எப்படி இருந்தது?

மதுரைக்காரன்:

குடியை நிறுத்துவது எனக்கு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் சொட்டு தொடமாட்டேன். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே கடை வாசலில் நிற்பேன். கோயிலில் கயிறு கட்டினாலும் இதே கதைதான், அவிழ்க்கிற நாள் எது என்று மனசு எண்ணிக்கொண்டே இருக்கும்.

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒரு டாக்டர்தான் துண்டுச் சீட்டில் இடமும் நேரமும் எழுதிக் கொடுத்தார். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம், மாலை ஏழு மணி. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் வண்டியை அடுத்த தெருவில் நிறுத்தினேன். (டாஸ்மாக் வாசலில் பட்டப்பகலில் நின்றபோது இந்த வெட்கம் எங்கே போனது என்று கேட்காதீர்கள்.) வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும், "மீட்டிங்கா? கடைசி ரூம்" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்ச். முட்டி மேசையில் இடித்தது. சுவரில் அ அம்மா, ஆ ஆடு. ஆட்டோ ஓட்டுபவர், வங்கியில் ஓய்வு பெற்றவர், கல்லூரிப் பையன் மாதிரி ஒருவன், எல்லாரும் அந்தப் பெஞ்சில்தான். பெயர், ஊர், சாதி, சம்பளம் எதுவும் கேட்கவில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், உறுப்பினர். பிரார்த்தனை முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொன்னார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. அதுவரை என்னைப் பார்த்தவரெல்லாம் புத்தி சொன்னவர்கள்தான்.

ஆட்டோக்காரர், பாட்டிலை மோட்டார் ரூமில் சிமென்ட் சாக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, போதையில் இடம் மறந்து விடிய விடியத் தேடியதைச் சொன்னார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், என் பாட்டிலும் மோட்டார் ரூமில்தான் இருந்தது. 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரான் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை டாக்டரும் இதை ஆரம்பித்தபோது நடந்ததும் இதுதானாம். இரண்டு குடிகாரர்கள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் உண்மையைப் பேசியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடிபட்டது 'இன்றைக்கு மட்டும் குடிக்க வேண்டாம்' என்ற அவர்களுடைய கணக்கு. மண்டலத்துக்கு முடிவு நாள் உண்டு. இதற்குக் கிடையாது, நாளைய கணக்கு நாளைக் காலையில்தான் ஆரம்பம்.

சரி, எல்லாம் உடனே ஒட்டிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தக் குழுவில் ஒருவர் மைக் கிடைத்த பேச்சாளர் மாதிரி இழுத்துக்கொண்டே போவார். அதனால் ஊரின் மறுபக்கம் இன்னொரு குழுவுக்கு மாறினேன். அப்படி மாறலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கறுப்புச் சட்டை:

சர்ச் வளாகம், பிரார்த்தனை என்றதும் நான் வாசலோடு திரும்ப இருந்தவன். மதமாற்றக் கூட்டம் இல்லை, இடம் வாடகைக்கு மலிவு, அவ்வளவுதான். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், மறைக்க வேண்டாம். ஆனால் 'நாம் புரிந்துகொண்ட விதத்தில்' என்ற வாலும் கூடவே வருகிறது. எனக்கு அந்தக் குழுதான் என்னைவிடப் பெரிய சக்தி. பிரார்த்தனையின்போது சும்மா நிற்பேன். கட்டணம் இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்ற கொள்கை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அடையாறு அக்கா:

நான் குடித்தவள் இல்லை, குடித்தவரின் மனைவி. சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. குடிநோய் சிகிச்சை மருத்துவமனையில் அவரைச் சேர்த்திருந்தோம். 1980-இல் சாந்தி ரங்கநாதன் அம்மா தொடங்கிய அமைப்பு அது. அங்கே குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அப்புறம்தான் ஆல்-அனான் பற்றித் தெரிந்தது. ஏ.ஏ.வைத் தொடங்கிய தரகரின் மனைவி லோயிஸ் 1951-இல் ஆரம்பித்தது, குடும்பத்தாருக்கு மட்டும்.

"அவர் திருந்த என்ன செய்யலாம்" என்று கேட்கத்தான் போனேன். அங்கே அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஓர் அம்மா, கணவர் இன்னும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறாராம், "போன வாரம் நான் தையல் கிளாஸில் சேர்ந்துவிட்டேன்" என்றார். முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது நானும் என் கணவரின் ஆபீசுக்குப் போன் போட்டு "காய்ச்சல்" என்று சொல்வதில்லை.

இன்னொன்று. சாம்பாரில் கலந்து கொடுக்க மாத்திரை வாங்கித் தருகிறேன் என்று சொந்தக்காரர் யாராவது வருவார்கள். வேண்டவே வேண்டாம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. அது டாக்டர் சொல்லி, அவருக்கும் தெரிந்து எடுக்கிற மருந்து.

நர்ஸ் தங்கச்சி:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர், மீட்டிங் போகிறேன் பேர்வழி என்று ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத பூச்சியைத் தரையில் பொறுக்குவார்கள். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தை இழந்த குடும்பங்களை வார்டில் பார்த்திருக்கிறேன். முதலில் ஆஸ்பத்திரி, வைட்டமின் பி1 ஊசி, தூக்கத்துக்கு மருந்து. உடம்பு தெளிந்த பிறகு மீட்டிங். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.