மூன்று வார உழைப்பு இன்னொருவர் பெயரில் போய்விட்டது. பேசுவதா, விடுவதா?

இரவு பேட்ச்

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். எங்கள் க்ளையண்ட் ஒரு வங்கி. அவர்களுடைய நாள்முடிவுக் கணக்கு ஓட்டம், அதாவது அன்றைய கணக்குகளை மொத்தமாக முடிக்கும் பேட்ச், இரவு பத்தரைக்குத் தொடங்கி விடிகாலை ஐந்து வரை போகும். கிளைகள் திறப்பதற்குள் முடிய வேண்டுமே என்று தினமும் ஒருவர் கண்விழித்துக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது நான்தான்.

ஜனவரியில் நானாகவே அதைத் தோண்ட ஆரம்பித்தேன். டேட்டாபேஸில் பரிவர்த்தனைத் தேதிக்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு மாதிரி, வேகமாகத் தேட) இருந்தது. ஆனால் க்வெரியில் யாரோ அந்தத் தேதியை ட்ரங்க் என்ற, நேரத்தை வெட்டிவிடும் ஃபங்ஷனுக்குள் போட்டிருந்ததால், ஆரக்கிள் டேட்டாபேஸ் இண்டெக்ஸைத் தொடாமல் டேபிள் முழுவதையும் படித்துக்கொண்டிருந்தது. அது போக, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ஒரு கமிட், அதாவது டேட்டாபேஸில் நிரந்தரமாகச் சேமிப்பது. இரண்டையும் மாற்றி, மூன்று வாரம் சோதித்து, ஆறரை மணி நேர ஓட்டத்தை இரண்டு மணி நேரத்துக்குக் கொண்டுவந்தேன்.

என்னைவிட இரண்டு வருடம் சீனியரான ஒருவர் “எனக்கும் புரியணும்” என்று என் குறிப்புகளைக் கேட்டார். கொடுத்தேன். அப்புறம் அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை, நான்கு நாள் லீவு. திரும்பி வந்தால், என் குறிப்புகள் அவருடைய ஸ்லைடாக க்ளையண்ட் மீட்டிங்கில் ஓடி முடிந்திருந்தன. கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் என் பிராஞ்சில் (என் தனிக் கிளையில்) இருந்ததை எடுத்து, ஒரே கமிட்டாக, அதாவது ஒரே மாற்றப் பதிவாக, தன் பெயரில் ஏற்றியிருக்கிறார். “டெஸ்டிங் அவங்களாலதான் லேட்” என்று மேனேஜரிடம் வேறு சொல்லியிருக்கிறார். இவரும் மேனேஜரும் ஒரே கல்லூரி, தினமும் ஒரே காரில் வருகிறவர்கள்.

ஏப்ரல் அப்ரைசலில் அவருக்கு மேல் ரேட்டிங். எனக்கு ‘எதிர்பார்ப்பை நிறைவு செய்தார்’. அடுத்த ப்ராஜெக்டுக்கு அவர்தான் லீட், என்னைக் கேட்டு வாங்கியிருக்கிறார். வீட்டில் விட்டுவிடு என்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. மேனேஜருக்கும் மேலே இருப்பவரிடம் போகலாமா?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

போங்கள். விடாதீர்கள்.

நான் விட்டவன், அதனால் சொல்கிறேன். ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் இருந்தபோது, ஒரு ஆர்டருக்கு மார்க்கரை (துணியில் வெட்ட வேண்டிய வடிவங்களை அடுக்கும் வரைபடம்) மாற்றிப் போட வைத்துத் துணிச் செலவைக் குறைத்தேன். கூட இருந்தவர் அதைத் தன் காஸ்டிங் என்று பையருக்கு மெயில் போட்டார். பெரிய மனசாக இருப்போம் என்று நான் வாயைத் திறக்கவில்லை. இப்படியே இரண்டு வருடம் போனது. மூன்றாவது வருடம் அவர் போட்ட ஒரு காஸ்டிங் தப்பாகி நஷ்டம் வந்தது. உடனே “துணி கன்சம்ப்ஷன் கணக்கெல்லாம் அவன் பார்ப்பது” என்று என்னைக் கைகாட்டினார். எம்.டி.யும் நம்பினார். நல்லது எல்லாம் அவர் பெயரில் இருந்ததால், கெட்டதை மட்டும் என் தலையில் வைப்பது சுலபமாக இருந்தது.

உங்கள் விஷயத்தில் அது ஆரம்பித்தே விட்டது தோழி. ‘டெஸ்டிங் லேட்’ என்றாரே, அதுதான். எனக்கு அதைப் படிக்கும்போதுதான் பயமாக இருக்கிறது.

பழைய ஹெச்ஆர்

பதினான்கு வருடம் ஹெச்ஆரில் இருந்தவன். வருத்தம் தரும் பதிலைத்தான் சொல்லப்போகிறேன்.

ஏப்ரல் ரேட்டிங் உங்கள் மேனேஜர் தனியாகப் போட்டதாக இருக்காது. பெரும்பாலான நிறுவனங்களில் எல்லா மேனேஜர்களும் ஒரு அறையில் உட்கார்ந்து, யாருக்கு மேல் ரேட்டிங், யாருக்கு நடு என்று வாதாடுவார்கள். மேல் இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. உங்கள் மேனேஜர் அந்த அறையில், தன் மேலதிகாரி முன்னால், இந்த பேட்ச் வேலையைச் சொல்லித்தான் அந்த சீனியருக்கு இடம் வாங்கியிருப்பார். இப்போது நீங்கள் போய் “அது என் வேலை” என்றால், அந்த சீனியரைப் பற்றி மட்டும் புகார் சொன்னதாக ஆகாது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு என்று சொல்வதாகவும் ஆகும். அவர் உண்மையைப் பார்ப்பதற்கு முன் தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். மேலே இருப்பவரும் முதலில் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்.

இந்த வருட ரேட்டிங் முடிந்த கதை. அடுத்த அப்ரைசலுக்கு இன்றே வேலையைத் தொடங்குங்கள். மாதம் ஒரு முறை, செய்ததை நான்கு வரியில் மேனேஜருக்கு எழுதுங்கள். மேனேஜர்கள் டிசம்பரில் செய்ததை நினைவில் வைத்து மார்ச்சில் எழுதுவதில்லை, மெயிலில் தேடி எடுத்துத்தான் எழுதுகிறார்கள்.

லேப் நோட்டு

முடிந்த கதை என்று யார் முடிவு செய்வது? நான் ஆய்வுத் துறையில் இருக்கிறேன். ஆல்பர்ட் ஷாட்ஸ் விஷயம் தெரியுமா?

1943. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வு மாணவர். காசநோய்க் கிருமியோடு வேலை செய்ய வேண்டியிருந்ததால் அடித்தளத்தில் ஒரு அறையில் தனியாக வைத்தார்கள். அங்கேதான் ஸ்ட்ரெப்டோமைசினைத் தரும் நுண்ணுயிரை அவர் பிரித்தெடுத்தார். காசநோய்க்கு எதிராக வேலை செய்த முதல் ஆன்டிபயாடிக் அது. 1944இல் வந்த கட்டுரையில் முதல் பெயர் ஷாட்ஸ். ஆனால் பத்திரிகைகளில் வாக்ஸ்மன் மட்டும் கண்டுபிடிப்பாளர் ஆனார். பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமையை எழுதிக் கொடுக்கும்போது ஷாட்ஸ் பங்கு எதுவும் கேட்கவில்லை, வாக்ஸ்மனும் கேட்கவில்லை என்றே நம்பினார். வாக்ஸ்மனுக்கு ராயல்டியில் தனியாகப் பங்கு போய்க்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

1950இல் வழக்குப் போட்டார். அதே வருடம் சமரசம் ஆயிற்று. இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொண்டார்கள், ராயல்டியில் 3 சதவீதம் கொடுத்தார்கள். அந்த வழக்கு இல்லையென்றால் இன்று அவர் பெயரை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பழைய ஹெச்ஆர்

மீதியையும் சொல்லுங்கள். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும்தான் போனது. சொந்தப் பேராசிரியர் மேல் வழக்குப் போட்டவர் என்று ஷாட்ஸுக்கு முதல்தரமான ஆய்வுக்கூடங்களின் கதவு சாத்தப்பட்டது. ரட்கர்ஸ் அவருக்குப் பதக்கம் கொடுத்தது 1994இல். ஐம்பது வருடம்! இந்தப் பெண்ணுக்கு வீட்டு லோன் இருக்கலாம், அம்மா இருக்கிறார். அவரிடம் ஐம்பது வருடம் காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

லேப் நோட்டு

அந்த 1944 கட்டுரையில் மூன்று பெயர்கள். நடுவில் இருப்பது எலிசபெத் பூகி. காப்புரிமையில் அவர் பெயர் இல்லை. அவர் வழக்கும் போடவில்லை. உங்களுக்கு ஷாட்ஸைத் தெரிந்திருக்கிறது. பூகியை எத்தனை பேருக்குத் தெரியும்?

சும்மா இருந்தாலும் விலை உண்டு ஐயா. அது சம்பளச் சீட்டில் தெரியாது, அவ்வளவுதான்.

சர்வர் அறை

வரலாறு இருக்கட்டும், முதலில் கிட்டைப் பார்ப்போம்.

அவர் செர்ரி பிக் செய்திருந்தால், அதாவது உங்கள் கமிட்டுகளை அப்படியே நகலெடுத்திருந்தால், ஆதர் (எழுதியவர்) என்ற இடத்தில் உங்கள் பெயர் அப்படியே நின்றிருக்கும், கமிட்டர் (ஏற்றியவர்) மட்டும்தான் அவர் பெயராக மாறும். எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகப் புதிதாகப் போட்டதால்தான் உங்கள் பெயர் போயிற்று. உங்கள் பிராஞ்ச் இன்னும் சர்வரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மெர்ஜ் ஆன பழைய பிராஞ்ச்களைச் சுத்தம் செய்கிறேன் என்று எந்த நாளும் யாராவது அழித்துவிடலாம். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ரீஃப்ளாக் (பிராஞ்ச் எப்போது எங்கே நகர்ந்தது என்று கிட் வைக்கும் குறிப்பு) இயல்பாக 90 நாள்தான் தாங்கும், எந்தப் பிராஞ்சிலும் ஒட்டாத கமிட்டுகளுக்கு 30 நாள்தான். ஜனவரியில் செய்தது என்கிறீர்கள், அதை நம்ப முடியாது. கமிட்டில் இருக்கும் தேதியை யாரும் மாற்றி எழுதலாம் என்பதால், சர்வரில் எப்போது புஷ் ஆனது, அதாவது ஏற்றப்பட்டது, என்ற பதிவுதான் கெட்டியான சாட்சி.

ஒரு எச்சரிக்கை. கோட் ஃபைலையோ மெயிலையோ சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள், ஃபோனில் படம் எடுக்காதீர்கள். வங்கி ப்ராஜெக்ட். திருடியவர் உள்ளே இருப்பார், தகவல் கசிவு என்று உங்களை வெளியே அனுப்புவார்கள். ஆதாரம் அலுவலகத்துக்குள்ளேயே, பிராஞ்சுக்கு ஒரு டேக் (நிலையான பெயர்க் குறி) போட்டு இருக்கட்டும்.

முன்னாள் லீட்

நான் மறுபக்கம் இருந்தவன். தப்பான ஆளுக்கு மேல் ரேட்டிங் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது. அந்த வேலையைச் செய்த பையன் என்னிடம் வந்து சொன்னான். நான் கோபப்பட்டேன், ஹெச்ஆர் ஐயா சொன்னது போலவே. அவன் வேறு கம்பெனிக்குப் போன பிறகு, அந்த வேலையில் ஒரு சின்ன மாற்றம் கேட்டேன். மேல் ரேட்டிங் வாங்கியவரால் அதைத் தொடவே முடியவில்லை. அன்றுதான் எனக்குப் புரிந்தது.

புகாராகக் கொண்டுபோகாதீர்கள். செய்தவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கும், அதை மீட்டிங்கில் கேள்வியாகக் கேளுங்கள்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

அதெப்படி? கேள்வி கேட்டு அவரைச் சிக்கவைத்தால், பார்க்கிறவர்களுக்கு இவர்தான் குத்திக்காட்டுகிறவர் மாதிரித் தெரியும். இதைவிட நேராக அவரிடமே போய் “நீங்கள் செய்தது தெரியும்” என்று சொல்வது நேர்மை.

இரவு பேட்ச்

எல்லோருக்கும் நன்றி. பிராஞ்ச் இருக்கிறது. புஷ் பதிவுகளும் இருக்கின்றன. டேக் போட்டுவிட்டேன்.

முன்னாள் லீட் சொன்னதை யோசித்துக்கொண்டே அவர் ஏற்றிய கமிட்டை வரிவரியாகப் படித்தேன். ஒன்று கண்ணில் பட்டது, அதிலிருந்து எனக்குக் கை நடுங்குகிறது. முன்பு டேட்டாபேஸில் வரிக்கு ஒரு கமிட் என்பதால், ஓட்டம் நடுவில் நின்றாலும் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். நான் அதை 5,000 வரிக்கு ஒன்றாக மாற்றியபோது, கோப்பில் எந்த வரிவரை முடிந்தது என்று குறித்துவைக்கத் தனியாக ஒரு டேபிளும், அதைப் படித்துத் தொடரும் ஸ்க்ரிப்டும் எழுதினேன். அந்த ஸ்க்ரிப்ட் வேறு ஃபோல்டரில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அது எதற்கென்று அவருக்குத் தெரிந்திருக்காது. பிப்ரவரியிலிருந்து ஓட்டம் ஒரு நாளும் நடுவில் நிற்காததால் யாருக்கும் தெரியவில்லை. என்றைக்காவது நின்று, ஆபரேட்டர் திரும்ப ஓட்டினால், சில கணக்குகளில் வட்டி இரண்டு முறை ஏறிவிடும்.

பழைய ஹெச்ஆர்

இது வேறு விஷயம் அம்மா. இதற்கு நான் சும்மா இருங்கள் என்று சொல்ல மாட்டேன். இன்றே எழுதுங்கள். ஆனால் ரேட்டிங்கைப் பற்றி அதில் ஒரு சொல்கூட வேண்டாம். சேர்த்தால் பழிவாங்க எழுதியது என்று அவர்கள் சொல்ல வழி கொடுத்துவிடுவீர்கள்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

ஏன் வேண்டாம்? ‘நான் எழுதிய ஸ்க்ரிப்ட்’ என்பதை விட்டுவிட்டு எப்படி எழுதுவார்?

சர்வர் அறை

‘நான் எழுதிய’ என்பது இருக்க வேண்டும். அது உண்மை, அந்தத் தகவல் இல்லாமல் மெயிலே புரியாது. பிராஞ்ச் பெயரையும் தேதியையும் போடுங்கள். படிப்பவர் தானே போய்ப் பார்ப்பார்.

இரவு பேட்ச்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

மெயில் போட்டேன், மேனேஜருக்கும் வங்கி சப்போர்ட் குழுவுக்கும். ‘ஜனவரியில் என் பிராஞ்சில் எழுதிய ரீஸ்டார்ட் ஸ்க்ரிப்ட் ப்ரொடக்ஷனுக்குப் போகவில்லை, போகும்வரை ஓட்டம் நின்றால் திரும்ப ஓட்ட வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள்’ என்று எழுதி, பிராஞ்ச் பெயரைப் போட்டேன். பத்து நிமிடத்தில் மேனேஜர் அவரை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஸ்க்ரிப்ட் ஏன் விட்டுப்போனது என்று மேனேஜர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை. “டீம் எஃபர்ட்தானே, மிஸ் ஆயிடுச்சு” என்றார். மேனேஜர் கொஞ்ச நேரம் பிராஞ்சின் பழைய கமிட்டுகளை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ராத்திரி நானே ஸ்க்ரிப்டை ஏற்றினேன். வேண்டுமென்றே டெஸ்டில் ஓட்டத்தை நிறுத்தி, திரும்பத் தொடங்கிப் பார்த்தேன். சரியாக வந்தது. ரிலீஸ் குறிப்பில் ஆசிரியர் என்ற இடத்தில் மேனேஜரே என் பெயரை எழுதியிருந்தார். ரேட்டிங் மாறவில்லை. அவர் லீடாகத்தான் இருக்கிறார்.

அவர் குழுவுக்குப் போக விருப்பமில்லை என்று திங்கட்கிழமை தனியாக ஒரு மெயில் போடப் போகிறேன். காரணம் எழுதுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

எழுதுங்கள்.

பழைய ஹெச்ஆர்

எழுதாதீர்கள். நேரில் சொல்லுங்கள், கேட்டால் மட்டும்.