ரெண்டு இன்சூரன்ஸ் கோட்டேஷன், விலையில பெரிய வித்தியாசம், ஏன்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

உப்புவெளிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். செக்கண்ட் ஹேண்ட் வெகன் ஆர் கார் ஒண்டு எடுத்திருக்கிறன், லீசிங் இல்ல, முழுக்காசு. திருமலை டவுனுக்குள்ள ரெண்டு கொம்பனியில ஃபுல் இன்சூரன்சுக்குக் கேட்டன், ஒண்டு மற்றதவிட நல்லாக் குறைவு, ஏனெண்டு கேட்டா ஏஜெண்ட் "நாங்க எப்பவும் மலிவுதான்" எண்டதோட சரி. கூடினதில வாகனப் பெறுமதி 60 லட்சம் எண்டு இருக்கு, குறைஞ்சதில 45 லட்சம். அம்மா தேட் பாட்டி போதும்தானே எண்டுறா. சீசனுக்கு நிலாவெளிக்கு வாற டூரிஸ்ட் ஆக்கள ஏத்தி இறக்கிற யோசனையும் இருக்கு. எதப் போடுறது?

கந்தளாய் அண்ணா:
தம்பி, தேட் பாட்டி சட்டத்துக்குப் போதும், அது இல்லாம வாகனத்துக்கு வருச லைசன்ஸ் எடுக்க ஏலாது. ஆனா அது நீங்க இடிச்ச ஆளுக்கும் அவற்ற சொத்துக்கும்தான், உங்கட காருக்கு ஒரு சதமும் வராது. இரவு கந்தளாயால ஹபரண றோட்டுல போனா யானை நிக்கும், திருமலை டவுனுக்குள்ளயே மான் குறுக்க பாயும், மாட்டப் பற்றிச் சொல்லவே தேவையில்ல. அதுல மோதினா யாரிட்டப் போய்க் காசு கேக்கிறது? உங்களுக்கு ஃபுல்தான் சரி.

இப்ப அந்த 45 லட்சக் கதை. உண்மையான மார்க்கெட் விலை 60 எண்டா நீங்க முக்கால்வாசிக்குத்தான் காப்புறுதி செய்யிறீங்க. பேப்பர்ல ஆவரேஜ் எண்டொரு விதி இருந்தா 4 லட்சம் செலவுக்கு 3 லட்சம்தான் தருவாங்க, மிச்சம் உங்கட கையால, அதுக்கு மேல எக்ஸஸும், அதாவது ஒவ்வொரு கிளெயிமிலயும் நீங்களே பொறுக்க வேண்டிய தொகையும், கழியும். 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுக்குப் பிறகு பழைய வாகனத்துக்கே விலை தாறுமாறா ஏறிட்டுது, அப்பிடியிருந்தும் கன பேர் பழைய பெறுமதியிலயே வருசா வருசம் புதுப்பிக்கிறாங்க, பாக்கவே கவலையா இருக்கு.

கிண்ணியா கராஜ்:
அண்ணன் சொன்னது சரி. நான் கராஜ் வச்சிருக்கன், அதால ஒண்டு அழுத்திச் சொல்றன், வெள்ளத்துக்குக் கவர் இருக்கா எண்டு பாருங்க, பல பொலிசியில இயற்கை அனர்த்தம் தனியாக் காசு கட்டிச் சேர்க்க வேண்டியது, குறைஞ்ச கோட்டேஷன்ல முதல் வெட்டுறதும் அதத்தான். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலோட மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வெள்ளம் ஏறினது தெரியும்தானே. தண்ணியில நிண்ட வண்டிய ஸ்டார்ட் பண்ணவே கூடாது, எயார் ஃபில்டர் பெட்டியால தண்ணி உள்ள இழுத்து எஞ்சினுக்குள்ள கொனெக்டிங் ரொட் வளைஞ்சிடும், கவர் இருந்தாலும் "நீங்க ஸ்டார்ட் பண்ணினதாலதான்" எண்டு கிளெயிமத் தட்டுறதுக்கு அது நல்ல காரணமாப் போயிடும். அப்பிடியே விட்டுட்டு கோல் பண்ணி, படம் எடுத்து வச்சு, தூக்கிக்கொண்டு வாங்க.

வண்டி பழசெண்டா புதுப் பாட்ஸ் விலையில ஒரு பங்கு ஓனர்தான் கட்ட வேண்டி வரும், அது எத்தன வீதம் எண்டு எழுத்துல கேளுங்க.

உப்புவெளிப் பொடியன்:
நன்றி அண்ணா, நன்றி நானா. குறைஞ்ச கோட்டேஷன இப்பதான் திரும்ப வாசிச்சன், வெள்ளம் இல்ல, எக்ஸஸும் மற்றதவிட கூட. இன்னொண்டு, பழைய ஓனருக்கு நோ கிளெயிம் போனஸ், கிளெயிம் பண்ணாததுக்குப் பிரீமியத்தில குடுக்கிற கழிவு, கன வருசமா இருந்ததாம், அது எனக்கு வருமா?

கந்தளாய் அண்ணா:
வராது தம்பி. அது கிளெயிம் பண்ணாத ஆளுக்குரியது, காரோட சேர்ந்து வாறதில்ல. உங்கட பேர்ல முந்தி வேற வாகனம் ஓடி போனஸ் இருந்தா அந்தக் கொம்பனியில கடிதம் எடுத்துக் குடுங்கோ, பிரீமியம் நல்லாக் குறையும். பிறகு பம்பர்ல சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெயிம் போடாதீங்கோ, கிடைக்கிற காசவிட போனஸ்ல போறது கூட.

டூரிஸ்ட் விசயம் முக்கியம், அத ஒளிக்க வேண்டாம். பிரைவேட் எண்டு பேப்பர்ல இருக்கேக்க காசுக்கு ஆள் ஏத்திப் போய் எக்சிடன்ட் பட்டா கொம்பனி கைய விரிச்சிடும், உள்ள இருந்த ஆக்களுக்குக் காயம் எண்டா இன்னும் பெரிய சிக்கல். ஹயரிங் எண்டு போட்டாப் பிரீமியம் கூடும்தான், அதையும் சேர்த்து உங்கட ஹயர் காசுல கணக்குப் பாருங்கோ.

கிண்ணியா கராஜ்:
ரெண்டு கொம்பனியிட்டயும் ஒரே பெறுமதி, ஒரே எக்ஸஸ், வெள்ளம் சேர்த்து, ஹயரிங் எண்டு சொல்லித் திரும்பக் கோட்டேஷன் எடுங்க தம்பி, வந்ததும் இங்க போடுங்க பாப்பம்.